சின்னக் குழந்தையோடு மலை நடை: ஒரு நாள் பாதையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை உள்ள பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போக நினைப்பவர்கள் முதலில் தேடுவது அழகான இடத்தைத்தான். அருவி, ஏரி, உச்சியிலிருந்து தெரியும் பள்ளத்தாக்கு. எத்தனை கிலோமீட்டர் என்பதை அப்புறம்தான் பார்க்கிறார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பாதி வழியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வோம்? அதற்குச் சுலபமான பதில் கிடைக்கும் பாதைதான் நல்ல பாதை. எந்த இடத்திலும் திரும்ப முடிய வேண்டும், திரும்பினாலும் அதுவரை போனதே போதும் என்று இருக்க வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

1. முதலில் பிள்ளையின் அளவு, பிறகு பாதையின் அளவு

"வயதுக்கு ஒரு கிலோமீட்டர்", "வயதுக்கு ஒரு மைல்" என்றெல்லாம் கணக்குச் சொல்வார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு மைல் கணக்கு ஆறரைக் கிலோமீட்டர் தரும். அவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே நடக்கும் நான்கு வயதுக் குழந்தைகள் உண்டு, ஒரு கிலோமீட்டரில் "தூக்கு" என்று கையை விரிக்கும் குழந்தைகளும் உண்டு. சராசரியை நம்பி மலையேற முடியாது.

வீட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மேடு பள்ளமான இடத்தில், தள்ளுவண்டி இல்லாமல், ஒரு நாள் நடக்க விட்டுப் பாருங்கள். அவசரப்படுத்த வேண்டாம். குச்சி பொறுக்கட்டும், எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கட்டும், கல்லைத் தூக்கிப் புரட்டட்டும். இவை எல்லாவற்றையும் சேர்த்து எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "கால் வலிக்குது" என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். சலிப்பு வந்தாலும் அதைத்தான் சொல்லும், சுவாரசியமாக ஏதாவது கண்ணில் பட்டால் அடுத்த நொடி ஓடும். உண்மையான களைப்புக்கு வேறு அடையாளம் இருக்கிறது: கல்லே இல்லாத சமதரையில் கால் தடுக்க ஆரம்பிக்கும். ஒரு தடவை தடுக்கினால் பரவாயில்லை. சில நிமிடத்துக்குள் மூன்று நான்கு முறை தடுக்கினால் உடம்பில் தெம்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். அதுவரை நடந்த தூரத்தில் பாதிதான் முதல் மலைப் பாதையின் மொத்த நீளம், போக வர இரண்டும் சேர்த்து.

பாதி என்பது ரொம்பக் குறைவாகத் தோன்றலாம். ஏற்றம், கரடுமுரடு, வெயில், காற்று எல்லாம் அந்த மீதிப் பாதியைத் தின்றுவிடும்.

2. நீளத்தைவிட ஏற்றத்தைப் பாருங்கள்

பாதை விவரத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: நீளம், மொத்த ஏற்றம். முதல் எண்ணைப் பார்த்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்வது. 150 மீட்டர் ஏற்றம் என்றால் சாதாரணமாகத் தெரிகிறது. ஒரு மாடி மூன்று மீட்டர் என்று வைத்தால் அது ஐம்பது மாடி ஏறுவதற்குச் சமம். குட்டைக் கால்களுக்கு அது எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அந்த ஏற்றம் எங்கே இருக்கிறது என்பது. ஒரு கிலோமீட்டரில் 100 மீட்டர் ஏறினால் சரிவு 10 சதவீதம். நடக்கப் பழகிய பிள்ளைக்கு இது பிரச்சினை இல்லை. 20 சதவீதத்தைத் தாண்டினால் நின்று நின்றுதான் போகும், இறங்கும்போது வழுக்கும். சராசரி 8 சதவீதம் என்று போட்டிருக்கும் பாதையில் முக்கால்வாசி சமதளமாக இருந்து, கடைசி 300 மீட்டர் செங்குத்தாக இருக்கவும் கூடும். அதனால் சராசரியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் கைபேசியின் மலை நடைச் செயலியில் வரும் உயர வரைபடத்தைப் பாருங்கள்.

காகித மேப் கையில் இருந்தால் சம உயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்துப் போட்ட கோடுகள், போதும். 1:25,000 அளவு மேப்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். கோட்டுக்குக் கோடு 10 மீட்டர் உயர வித்தியாசம் என்றால், பாதையின் ஒரு சென்டிமீட்டருக்குள் ஐந்து கோடுகள் குறுக்கே போனால் 250 மீட்டரில் 50 மீட்டர் ஏறுகிறோம், அதாவது 20 சதவீதம். கோட்டு இடைவெளி மேப்புக்கு மேப் மாறும், ஓரத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோடுகள் நெருக்கமாக இருக்கும் பகுதி பாதையின் தொடக்கத்தில் இருக்கிறதா, கடைசியிலா என்பதும் முக்கியம். தொடக்கத்தில் இருந்தால் காலையில் தெம்போடு ஏறிவிடலாம், ஆனால் திரும்பும்போது களைத்த கால்களோடு அதே சரிவில் இறங்க வேண்டும். கடைசியில் இருந்தால் அதைத் தொடாமலே திரும்பிவிடலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மேல்.

3. நேரக் கணக்கு

மலை நடைக்கு நேரம் கணக்கிட 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு விதி சொன்னார். இன்றும் அதுதான் அடிப்படை: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது உடல் வலுவுள்ள பெரியவருக்கான கணக்கு, ஓய்வு இதில் சேராது. சின்னப் பிள்ளை கூட வந்தால் வரும் விடையை மூன்றால் பெருக்குங்கள். மூன்று என்பது என் கணக்கு. நிறைய நின்று பார்க்கும் பிள்ளைக்கு அதுவும் போதாமல் போகலாம்.

ஒரு உதாரணம். போக வர 4 கிலோமீட்டர், ஏற்றம் 150 மீட்டர். நடைக்கு 48 நிமிடம், ஏற்றத்துக்கு 15 நிமிடம், ஆக 63 நிமிடம். மூன்றால் பெருக்கினால் மூன்று மணி நேரத்துக்கு மேல். இதில் சாப்பாட்டு நேரமும் தண்ணீரில் கல் எறியும் நேரமும் தனி. "நாலு கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம்" என்று கிளம்பியவர்கள் மதிய வெயிலில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

வழிகாட்டிப் பலகைகளில் எழுதியிருக்கும் நேரமும் பெரியவர்களுக்கானதே. சுவிட்சர்லாந்தின் மஞ்சள் பலகைகளில் போடும் நேரம் சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்ற வேகத்தை வைத்துக் கணக்கிட்டது, ஓய்வு நேரம் அதில் இல்லை. வேறு இடங்களில் எந்தக் கணக்கில் எழுதினார்களோ, நீங்கள் உங்கள் கணக்கையே நம்புங்கள்.

4. பாதையின் வடிவம்

போன வழியே திரும்பும் பாதையைத்தான் முதலில் தேர்ந்தெடுங்கள். பலருக்கு இது சலிப்பாகப் படும், பார்த்ததையே மறுபடி பார்க்கிறோமே என்று. பிள்ளைக்கு அந்தக் குறை கிடையாது. போகும்போது பார்த்த பெரிய பாறை திரும்பும்போது தெரிந்த முகமாகிவிடும். முக்கியமான லாபம் இது: எந்த நிமிடமும் திரும்பலாம், திரும்பும் வழியில் என்ன இருக்கிறது என்று நமக்கு முன்பே தெரியும்.

சுற்றுப் பாதையில் பாதிக்கு வந்துவிட்டால் திரும்புவதும் முன்னே போவதும் ஒரே தூரம். அந்த நேரத்தில் பிள்ளை அழுதால் வழியே இல்லை. சுற்றுப் பாதைதான் வேண்டும் என்றால் நடுவில் குறுக்கு வழியோ சாலையோ சந்திக்கும் பாதையாகப் பாருங்கள். செங்குத்தான பக்கம் ஏறுவதற்கும் சாய்வான பக்கம் இறங்குவதற்கும் வருமாறு திசையை வைத்துக்கொள்ளுங்கள்.

ரோப் கார் இருக்கும் மலைகளில், மேலே வண்டியில் போய் நடந்து இறங்கலாம் என்று தோன்றும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இறக்கம் குழந்தைக்கு ஏற்றத்தைவிடச் சிரமம்: விரல்கள் ஷூவின் முனையில் இடிக்கும், வேகத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாது, ஓடிவிடும். அதோடு பாதியில் நிறுத்த முடியாது, கீழே போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். ரோப் காரிலேயே போய், மேலே சமமாகப் போகும் பாதையில் நடந்துவிட்டு, ரோப் காரிலேயே இறங்குங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சளி பிடித்த பிள்ளைக்கு வேகமாக உயரம் மாறும்போது காது வலிக்கும். ஏதாவது மெல்லவோ உறிஞ்சவோ கொடுத்தால் அழுத்தம் குறையும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: பாதையில் பிள்ளைக்கான சரக்கு எவ்வளவு இருக்கிறது? உச்சியில் தெரியும் காட்சி பெரியவர்களுக்கானது. நான்கு வயதுக்கு ஓடை, சின்ன மரப்பாலம், ஏறி உட்காரப் பாறை, குகை மாதிரி ஒரு பொந்து, இவைதான் காட்சி. முதல் அரை மணி நேரத்துக்குள் இதில் ஒன்றாவது வரும் பாதை நல்லது. அகலமான மண் சாலையில் மூன்று கிலோமீட்டர் போவதைவிட, வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதையில் போனால் பிள்ளை அதிக தூரம் நடக்கும். அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்ற ஆவலே இழுத்துக்கொண்டு போகும்.

5. விழுந்தால் எங்கே போய் நிற்கும்?

இந்தப் படியில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பாதையின் ஓரத்தில் நின்று, இங்கே தவறி விழுந்தால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். புதரில், புல்லில், இரண்டடி கீழே என்றால் சரி. பதில் "தெரியவில்லை" என்றால் அந்தப் பாதை இந்த வயதுக்கு இல்லை, எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் சரி. கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்வதற்கு முன் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் அகலம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையைப் பிடிப்பதே இரண்டு பேரையும் தடுமாற வைக்கும். சரிவை ஒட்டிய பாதையில் பிள்ளை மலைப் பக்கம், பெரியவர் பள்ளத்துப் பக்கம். இறங்கும்போது பெரியவர் ஓரடி முன்னால்.

பல செயலிகளிலும் மேப்புகளிலும் சுவிஸ் ஆல்பைன் கிளப்பின் தர வரிசை பயன்படுகிறது, டி1 முதல் டி6 வரை. டி1 என்பது நன்றாக அமைந்த, விழும் ஆபத்து குறைவான பாதை. சின்னப் பிள்ளைக்கு அதுதான். டி2-இல் சில இடங்கள் செங்குத்தாக இருக்கலாம், நடந்து பழகிய ஐந்து ஆறு வயதுக்கு, பெரியவர்களுக்கும் மலை பழக்கமாக இருந்தால் பார்க்கலாம். டி3-இல் கையை ஊன்ற வேண்டிய இடங்களும் திறந்த சரிவுகளும் வந்துவிடும், வேண்டாம். "சுலபம்" என்று மட்டும் எழுதியிருந்தால் யாருக்குச் சுலபம் என்று கேளுங்கள். போய் வந்தவர்கள் போட்ட படங்களில் காட்சியை விட்டுவிட்டு அவர்கள் காலடியைப் பாருங்கள்: கல் எவ்வளவு பெரிது, பக்கத்தில் என்ன இருக்கிறது, யாராவது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களா.

ஓடையைக் கடக்கும் பாதை என்றால் பாலம் இருக்க வேண்டும். நமக்கு முழங்கால் ஆழம் பிள்ளைக்கு இடுப்பு. பனி உருகி வரும் ஓடைகளில் மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடும். காலையில் கல் தாவிக் கடந்த இடத்தை மாலையில் கடக்க முடியாமல் போகலாம்.

6. உயரம், வானிலை, கிளம்பும் நேரம்

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 20 டிகிரி என்றால் 1,000 மீட்டர் மேலே பதிமூன்றரை. அதோடு காற்றும் சேர்ந்தால் இன்னும் குளிரும். குழந்தையின் உடல், எடைக்கு ஏற்ற கணக்கில் தோல் பரப்பு அதிகம் உள்ளது, நம்மைவிடச் சீக்கிரம் சூடு இழக்கும். புற ஊதாக் கதிர் இதற்கு நேர்மாறு, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 10 சதவீதம்போல் கூடும். குளிர்கிறதே என்று தொப்பியை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

2,500 மீட்டருக்கு மேல், ஆக்சிஜன் குறைவால் வரும் உயர நோய் வரலாம். பெரியவர் தலைவலி என்று சொல்வார், இரண்டு வயதுப் பிள்ளை சொல்லாது. சிணுங்கும், சாப்பிடாது, விளையாடாது, வாந்தி எடுக்கும். வழக்கமான பிடிவாதத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது, அதுதான் சிக்கல். அந்த உயரத்தில் இந்த அறிகுறிகள் தெரிந்தால் உயரம்தான் காரணம் என்று வைத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். காரிலோ ரோப் காரிலோ ஒரே மணி நேரத்தில் அவ்வளவு உயரம் போகும் பாதைகளைச் சின்னப் பிள்ளையோடு நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். 2,000 மீட்டருக்குக் கீழேயே நல்ல பாதைகள் ஏராளம்.

வெப்பமான மாதங்களில் மலையில் இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டும். காலையில் சீக்கிரம் கிளம்பி, மதிய உணவு நேரத்துக்குள் அடிவாரத்தில் இருக்கப் பாருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் 30 நொடி என்றால் அது சுமார் 10 கிலோமீட்டர் தொலைவு, இடைவெளி அவ்வளவு குறையும் முன்பே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். இடி நெருங்குவதற்குள் பிள்ளையின் வேகத்தில் எவ்வளவு தூரம் ஓடிவிட முடியும்? அதனால் முகடு வழியாகப் போகும் பாதையை, வானம் சந்தேகமாக இருக்கும் நாளில் விட்டுவிடுங்கள்.

7. நடக்குமா, சுமப்போமா?

மூன்று வயதுக்குக் கீழ் என்றால் முதுகு கேரியர் இல்லாமல் கிளம்ப வேண்டாம். பிள்ளை தானாக உட்காரப் பழகிய பிறகே சட்டம் வைத்த கேரியரில் வைக்கலாம். எடையைக் கூட்டிப் பாருங்கள்: பிள்ளை 13 கிலோ, கேரியர் 3 கிலோ, தண்ணீரும் துணியும் 3 கிலோ. கிட்டத்தட்ட 20 கிலோவைச் சுமந்துகொண்டு, உங்கள் பாதத்தைச் சரியாகப் பார்க்க முடியாமல் இறங்கப் போகிறீர்கள். ஆக, பாதை பிள்ளைக்கு மட்டுமல்ல, அந்தச் சுமையோடு நடக்கும் உங்களுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். தாழ்ந்த கிளைகள் நிறைந்த காட்டுப் பாதை கேரியருக்கு ஆகாது. நீங்கள் குனிந்து தப்பிவிடுவீர்கள், உங்கள் தலைக்கு மேலே இருக்கும் இன்னொரு தலை தப்பாது.

நீங்கள் ஏறி வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போது கேரியரில் இருப்பது அசையாமல் குளிரில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் உடம்பின் சூட்டை வைத்து அதற்கு உடை முடிவு செய்யாதீர்கள். கால் மணிக்கு ஒரு தடவை பிள்ளையின் பாதத்தையும் கழுத்துக்குப் பின்னாலும் தொட்டுப் பாருங்கள். தொங்கும் கால் சில்லென்று இருந்தால் இறக்கி நடக்க விடுங்கள்.

8. பையில் என்ன?

நீளமான பட்டியல் தேவையில்லை. போதும் என்று நினைப்பதைவிட அதிகத் தண்ணீர், அடிக்கடி கொறிக்க ஏதாவது, மழைச் சட்டை, ஒரு முழு மாற்றுத் துணி, இரண்டு ஜோடி சாக்ஸ், முதலுதவிப் பை, அணைக்க ஒரு மெல்லிய போர்வை. ஈரமான பருத்தி சீக்கிரம் காயாது, உடம்பைக் குளிர வைக்கும், அதனால் உள்ளே செயற்கை இழையோ கம்பளியோ நல்லது. புது ஷூவை மலையில் தொடங்கி வைக்க வேண்டாம். விரல் முனைக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும், முந்தின நாளே நகம் வெட்டிவிடுங்கள். மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள்.

பிள்ளையின் கழுத்தில் ஒரு விசில், பிடித்து இழுத்தால் கழன்றுவிடும் கயிற்றில். 1981-இல் கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் ஒரு சிறுவன் தொலைந்து இறந்துபோனான். அதற்குப் பிறகு குழந்தைகளுக்குச் சொல்லித்தர ஒரு பயிற்சி உருவானது. அதன் சாரம்: தொலைந்துவிட்டால் நடக்காதே, பக்கத்து மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு. நின்ற இடத்தில் நிற்கும் குழந்தையைக் கண்டுபிடிப்பது சுலபம். கிளம்பும் முன் இதை விளையாட்டாக இரண்டு தடவை செய்து பாருங்கள். "ஓடு" என்றால் ஓட வேண்டும், "தொலைஞ்சாச்சு" என்றால் மரத்தைக் கட்டிக்கொண்டு விசில் ஊத வேண்டும். பெரியவர்களுக்கு: மலையில் ஆபத்துச் சமிக்ஞை நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடி ஆறு. பதில் வந்தால் நிமிடத்துக்கு மூன்று.

9. திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

மொத்தம் நான்கு மணி நேரம் வைத்திருக்கிறீர்கள் என்றால், இரண்டு மணி நேரம் ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும் என்று நினைப்பீர்கள். ஒன்றரை மணி நேரத்திலேயே திரும்புங்கள். திரும்பும்போது பிள்ளை மெதுவாகும், சில சமயம் நடக்கவே நடக்காது. இந்த நேரத்தையும் எந்தப் பாதை என்பதையும் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இதைப் பிள்ளையிடம் "உச்சிக்குப் போறோம்" என்று சொல்லித் தொடங்கினால், பாதியில் திரும்பும்போது அழுகை நிச்சயம். "பாலத்தைப் பார்க்கப் போறோம்" என்று, கட்டாயம் எட்டக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். அதைத் தாண்டிப் போக முடிந்தால் அது லாபக் கணக்கு. எல்லாருக்கும் முன்னால் பிள்ளையை நடக்க விட்டால் வேகம் தானாகச் சரியாகிவிடும். பின்னால் இழுத்துக்கொண்டு போனால் தோற்றுக்கொண்டே இருப்பதுபோல் அதற்குத் தோன்றும்.

திரும்பி வந்ததும் மேப்பில் மூன்று குறிப்பு எழுதி வையுங்கள்: கால் தடுக்க ஆரம்பித்த இடம், அதற்குள் ஆன நேரம், அதிக நேரம் நின்ற இடம். அடுத்த பாதையின் நீளத்தை முதல் இரண்டும் சொல்லும், அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை மூன்றாவது சொல்லும். புதுப் பாதை தேட நேரமில்லை என்றால் அதே பாதைக்கே இன்னொரு தடவை போங்கள், பிள்ளை மறுக்காது.